முதல் பீரியடில் பொருள் சொல்லாதீர்கள்: செய்யுள் பயிற்சி நடத்தப் போகிறவருக்கு ஒரு பதில்

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வட்டாரத்தில் தமிழாசிரியர்கள் 40 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி. என்னைக் கருத்தாளராகப் போட்டுவிட்டார்கள். தலைப்பு ‘செய்யுள் கற்பித்தலில் படைப்பாற்றல்’. பிபிடி தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மதியத்துக்கு மேல் யாரும் தூங்காமல் இருக்க என்ன செய்யலாம்? பள்ளிக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் இதைக் கொஞ்சமாவது செய்து பார்க்க வழி உண்டா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதற்கு முன் நான் சொதப்பிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் என்னையும் இப்படித்தான் முதன்முதலாகக் கருத்தாளராகப் போட்டார்கள். ஒரு வாரம் ராத்திரி கண் விழித்துத் தயாரித்தேன். முதல், கரு, உரி, உள்ளுறை, இறைச்சி என்று அகப்பாட்டு இலக்கணத்திலிருந்து மேற்கோளுக்கு மேல் மேற்கோள். காலை பத்தரைக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை நானேதான் பேசினேன். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் பெஞ்சுக்கு அடியில் காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த அம்மையார் ஒருவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க சார். நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா நாங்க பிள்ளைங்களுக்குப் பொழிப்புரை சொல்றோம், நீங்க எங்களுக்குப் பொழிப்புரை சொல்லிட்டீங்க."

அன்றைக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் நடத்திய பயிற்சி எல்லாமே அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்ததுதான்.

நம் செய்யுள் வகுப்பு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பக்கத்தைத் திருப்பச் சொல்கிறோம். ஒரு தடவை ராகம் போட்டு வாசிக்கிறோம். உடனே சாக்பீஸை எடுத்து அருஞ்சொற்பொருள் எழுதுகிறோம். பொழிப்பு, நூற்குறிப்பு, ஆசிரியர் குறிப்பு, இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் எல்லாம் முடித்து, மனப்பாடப் பகுதிக்கு அடைப்புக்குறி போடச் சொல்வதற்குள் 40 நிமிடம் ஓடிவிடும். இவ்வளவுக்கும் நடுவே "இந்தப் பாட்டில் உனக்கு என்னப்பா கேட்டது?" என்று ஒரு பிள்ளையையும் கேட்டிருக்க மாட்டோம். இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. நமக்கு நடத்தியவர்களும் இப்படித்தான் நடத்தினார்கள். உரை இல்லாமல் ஒரு பாட்டின் முன்னால் தனியாக உட்கார்ந்த அனுபவம் எம்.ஏ. தமிழ் படித்தவர்களிலும் பலருக்கு இருக்காது.

படைப்பாற்றலோடு நடத்துவது என்றால் இதே வகுப்பின் மேல் ஆட்டம், பாட்டம், சார்ட், பொம்மலாட்டம் என்று ஜரிகை வைத்துத் தைப்பது என்று பல பயிற்சிகளில் நினைத்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் படைப்பாற்றல் என்பது உரையைத் தள்ளிப்போடும் வேலை. பொருள் சொல்லாமல் ஒரு முழுப் பீரியடைத் தாங்கும் துணிச்சல் ஆசிரியருக்கு வர வேண்டும். நாற்பது நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அதைத் தங்கள் உடம்பிலேயே ஒரு தடவை அனுபவித்தால்தான் அது வரும். நீங்கள் பேசியெல்லாம் வராது. ஆகவே பிபிடியை மூடி வையுங்கள்.

முதல் நாள் காலையில் நான் எடுத்துக்கொள்வது புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாரிமகளிர் பாடியது, ஐந்தே அடி. தமிழாசிரியர் யாருக்கும் தெரிந்த பாட்டு ஆயிற்றே என்பீர்கள். அதற்காகத்தான் அதை எடுக்கிறேன். முதலில் பாட்டைக் காட்டாமல் ஒரு துண்டுச்சீட்டில் அதைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்வேன். ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை, தந்தையை இழந்த மகளிரின் துயரம். சரி. அடுத்தது இன்னொரு கேள்வி: "பாட்டில் அப்பா முதலில் வருகிறாரா, மலை முதலில் வருகிறதா?" அறையில் சத்தம் அடங்கிவிடும். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதுவேன்.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

எழுதிவிட்டு ஒன்றும் விளக்காமல் மூன்று பேரை மூன்று தடவை வாசிக்கச் சொல்லுங்கள், வேறு வேறு குரலில். இரண்டு தடவை கேட்டால் பிழையில்லாமல் தெரியும், மூன்று தடவை கேட்டால் முறையாக எடுத்துச் சொல்ல வரும் என்று நன்னூல் பாடம் கேட்கும் முறையில் சொல்லியிருக்கிறது. "முக்கால் கேட்பின் முறையறிந் துரைக்கும்." இதை மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதியவர்கள்தான் நாம் எல்லாரும். வகுப்பில் மட்டும் ஒரு தடவை வாசித்ததும் சாக்பீஸை எடுத்துவிடுகிறோம்.

பிறகு கேட்க வேண்டியது "இதன் பொருள் என்ன" என்பதல்ல. "எந்தச் சொல் திரும்ப வருகிறது? எது மாறியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அற்றை, இற்றை. அவ், இவ். திங்கள், நிலவு இரண்டும் அப்படியே. மாதம் ஒன்று போயிருக்கிறது, நிலா மாறவில்லை. இதற்கு அருஞ்சொற்பொருள் எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் யாராவது ஒருவர் மற்றதையும் பார்த்துவிடுவார்: முதல் நிலவில் அப்பா, பிறகு மலை. இரண்டாவது நிலவில் முதலில் மலை போகிறது, கடைசியாக அப்பா. "உடையேம்" என்று தொடங்கியது "இலமே" என்று முடிகிறது. முழுப் பாட்டிலும் அழுகை, கண்ணீர், துன்பம் என்று ஒரு சொல் கிடையாது. இதை நீங்களாகச் சொல்லிவிட்டால் அது ஒரு குறிப்பு, நோட்டில் ஏறிவிடும். அவர்களில் ஒருவர் கண்டுபிடித்தால் அந்த அறையே ஒரு நொடி திடுக்கிடும். நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தாளம். மேசையில் சீருக்கு ஒரு தட்டு தட்டி வாசிக்கச் சொல்லுங்கள். நான்கு, நான்கு, நான்கு, மூன்று, நான்கு. நாலாவது அடி வந்ததும் எல்லாருடைய கையும் ஒரு தட்டு மிச்சமாகி அந்தரத்தில் நிற்கும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, முச்சீராய் வரும் என்ற விதி நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் "வேந்தர்எம்" என்று மூச்சு முறிந்து, "எம்" என்ற சொல் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தொங்கி, அடுத்த அடியில் "குன்றும்" என்று விழுவதைக் கையில் உணர்ந்தவர்கள் எத்தனை பேர்? யாப்பை இப்படித் தொட்டுக் காட்டினால் போதும். தேமா புளிமா கணக்கெல்லாம் பிறகு தானாக வரும்.

கதையை அதற்குப் பிறகு சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். "யாம்" என்று பேசுகிறவர்கள் யாராக இருக்கும் என்று பிள்ளைகளே ஊகிக்கட்டும். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு பையன் "ரோடு போட நிலத்தை எடுத்துக்கிட்ட வீட்டுப் பிள்ளைங்க சார்" என்றான். அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து பறம்பு மலை, மூவேந்தர் முற்றுகை, கபிலர் என்று சொன்னபோது அவன்தான் எல்லாரையும்விடக் கவனமாகக் கேட்டான். பறம்பு என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பார்கள். அந்தப் பக்கம் பயிற்சி என்றால் ஜன்னலைத் திறந்தே நடத்தலாம்.

இதுவரை வந்தது வாசிப்பு. இதோடு நிறுத்தினால் பயிற்சி பாதிதான். அடுத்து ஆசிரியர்கள் எழுத வேண்டும். இந்த இடத்தில் நாற்பது பேரில் முப்பது பேர் நெளிவார்கள். "எனக்குக் கவிதை வராது சார்" என்பார்கள். வகுப்பில் பிள்ளைகள் சொல்வதும் இதைத்தான், அதனால் அவர்கள் நெளியட்டும். "கவிதை எழுதுங்கள்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். தாய்மை, இயற்கை, மரம் வளர்ப்போம் என்ற தலைப்பெல்லாம் வேண்டவே வேண்டாம். அவற்றிலிருந்து சுவரொட்டி வாசகம்தான் வரும். சட்டகம் கொடுங்கள். மாறாத பொருள் ஒன்று, இல்லாமல் போனவை இரண்டு, மொத்தம் ஐந்து வரி, நாலாவது வரி குட்டையாக இருக்க வேண்டும். சோகம், அன்பு, நினைவு, அழகு என்ற சொற்களுக்குத் தடை. பத்து நிமிடம்.

ஒரு பயிற்சியில் அதுவரை வாயே திறக்காத ஆசிரியர் ஒருவர் எழுதியது:

போன பொங்கலுக்கு இதே திண்ணையில்
அப்பாவும் இருந்தார், கயிற்றுக்கட்டிலும் இருந்தது.
இந்தப் பொங்கலுக்கு இதே திண்ணையில்
கட்டிலைத் தூக்கி
உள்ளே போட்டாயிற்று. அப்பாவும் இல்லை.

வாசித்துவிட்டு அவர் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலாவது வரியில் மூச்சு நின்ற இடம் எல்லாருக்கும் கேட்டது. அடுத்த மாதம் அவர் தன் எட்டாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் எழுதியது:

போன ஆடியில இதே வேப்பமரம்
கருப்பனும் நின்னான், கயிறும் இருந்துச்சு.
இந்த ஆடியில இதே வேப்பமரம்
கயிறு மட்டும்
கெடக்கு

ஆடி மாதம் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பாட்டில் எங்கும் சொல்லவில்லை, பாருங்கள். அந்த ஆசிரியர் முதலில் சிவப்பு மையால் "நின்னான்" என்பதை "நின்றான்" என்றும், "கெடக்கு" என்பதைக் "கிடக்கிறது" என்றும் திருத்தியிருந்தார். பிறகு அவரே அடித்துவிட்டு ஓரத்தில் "அப்படியே இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். பயிற்சியில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துவது வேறு, வட்டார வழக்கைத் திருத்துவது வேறு. கட்டுரை நோட்டில் திருத்தலாம். பிள்ளையின் கவிதையில் "கெடக்கு" என்பதைக் "கிடக்கிறது" ஆக்கினால் கயிறும் போய்விடும், ஆடும் போய்விடும்.

முதல் நாள் மதியம் தூக்கம் வரும் நேரம். அப்போது பாரதியின் அக்கினிக்குஞ்சு. இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முதலில் ஒரே ஒரு சொல்லை மாற்றி வாசியுங்கள். "அக்கினிக்குஞ்சொன்று கண்டேன்" என்பதற்குப் பதில் "தீப்பொறியொன்று கண்டேன்". என்ன போயிற்று என்று கேளுங்கள். பொறி அணைந்துவிடும், குஞ்சு வளரும் என்பார் ஒருவர். குஞ்சு என்றால் உயிர் இருக்கிறது என்பார் இன்னொருவர். பின்பெஞ்சிலிருந்து யாராவது "அதனாலதான் பொந்துல வைக்கிறார்" என்பார். குஞ்சை வைக்கிற இடம் பொந்துதானே! உருவகம் என்று இலக்கணக் குறிப்பு எழுதிப் போட்டிருந்தால் இந்தப் பொந்து யார் கண்ணிலும் பட்டிருக்காது. சொல்லை மாற்றிப் பார்ப்பது செலவே இல்லாத உத்தி. எந்தச் செய்யுளுக்கும் பொருந்தும்.

பிறகு "வெந்து தணிந்தது காடு" என்ற மூன்று சொல்லை எப்படி வாசிப்பது என்று ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து முடிவு பண்ணச் சொல்லுங்கள். காடே எரிந்து முடிந்த கதை இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. வெந்ததற்கும் தணிந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது? ஒரு குழு கத்தும், ஒரு குழு கிசுகிசுக்கும். ஒரு குழு "வெந்து" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும், பத்து நொடி கழித்துத்தான் "தணிந்தது" வரும். எது சரி என்று நீங்கள் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஏன் அப்படி வாசித்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்த ‘ஏன்’ என்பதற்கான பதில்தான் நயம் பாராட்டல். கடைசியில் "தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்" வரும்போது மேசை உடையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பக்கத்து அறையில் கணக்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஆரம்பத்துக்கு ஒரு சின்ன வேலை. குறுந்தொகையின் 40ஆம் பாட்டை, அதாவது "யாயும் ஞாயும் யாரா கியரோ" பாட்டை, உவமையை மட்டும் எடுத்துவிட்டு எழுதிப் போடுங்கள். "________ போல அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே." கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பாலும் தேனும், பூவும் நாரும், டீயும் சர்க்கரையும் என்று வரும். இந்தப் பாட்டுத் தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும், அவர்களுக்கு அதுதான் பயிற்சி. பிறகு ஒரு தட்டில் செம்மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். இப்போது இந்தத் தண்ணீரைப் பிரித்தெடுங்கள் என்று சொல்லிவிட்டு "செம்புலப் பெயனீர்" என்று எழுதுங்கள். பாலும் தேனும் இரண்டும் தித்திப்பு, அங்கே மாற என்ன இருக்கிறது? இங்கே எங்கிருந்தோ வந்து விழுந்த நீர், விழுந்த மண்ணின் நிறமாகவே ஆகிவிடுகிறது. முன்பின் அறியாத இரண்டு பேர் என்று முதல் மூன்று அடியும் சொல்லிக்கொண்டு வந்ததற்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? எழுதியவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, இந்த உவமையே பெயராகி அவர் செம்புலப் பெயனீரார் ஆனார். இதை மட்டும் சொல்லி வகுப்பை முடித்தாலும் போதும். (கரிசல் காட்டுப் பகுதி என்றால் செம்மண்ணை முந்தின நாளே பையில் கட்டி எடுத்துப் போங்கள். நான் ஒரு தடவை மறந்துபோய் செங்கல்லைப் பொடித்தேன்.)

இரண்டாம் நாளின் மிச்சப் பொழுது முழுவதும் ஆசிரியரின் வாயைப் பற்றியது. கற்பித்தலில் எனக்குத் தெரிந்து மிகக் கஷ்டமானது கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான். அமெரிக்காவில் மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். மூன்று நொடி காத்திருந்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். அது அறிவியல் வகுப்பு. செய்யுளுக்கு மூன்று நொடி எந்த மூலைக்கு! என் பயிற்சியில் இருவர் இருவராக ஐந்து நிமிட வகுப்பு எடுக்கச் சொல்வேன். ஒருவர் நடத்துவார், மற்றவர் செல்போனில் நொடி எண்ணுவார், வேறு எந்தக் குறிப்பும் எடுக்கக் கூடாது. எண்ணிக்கையைச் சொன்னதும் நடத்தியவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இருபது வருட அனுபவமுள்ளவர்களே "நான் அவ்வளவு சீக்கிரமா பதில் சொல்லிட்டேன்?" என்பார்கள்.

அதேபோல "அருமை", "சூப்பர்" என்பதற்கும் ஒரு நாள் விடுமுறை கொடுங்கள். பிள்ளை ஒரு வரி வாசித்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது இரண்டு. அந்த வரியை அப்படியே திரும்ப, நிதானமாக, ஒரு நல்ல பாட்டை வாசிப்பது போல வாசிப்பது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பது: "அந்தக் கயிறு என்ன நிறம்?" இவ்வளவுதான். பாராட்டு அந்த வாசிப்பிலேயே வந்துவிடுகிறது. கேள்வி அடுத்த வரியைக் கொண்டுவரும். அழகாக எழுதும் இரண்டு பேரை மட்டும் மேடை ஏற்றிவிட்டு மற்ற 38 பேரையும் கைதட்ட வைப்பதை எந்த வகுப்பிலும் நான் ஒப்புவதில்லை.

இனி எதிர்ப்பு. முதல் நாள் பதினொன்றரை மணி டீக்குள் யாராவது கேட்பார்: "இதெல்லாம் நல்லா இருக்கு சார், பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்கு யார் பதில் சொல்றது?" இந்தக் கேள்வியை ஒதுக்காதீர்கள், கேலியும் பண்ணாதீர்கள். அவர் தலைமேல் தொங்கும் கத்தி நிஜம். 2019-20 முதல் பத்தாம் வகுப்பில் தமிழுக்கு ஒரே தாள் ஆகிவிட்டது, 100 மதிப்பெண்ணுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். மெல்லக் கற்கும் மாணவர் பட்டியல், மாலை நேரச் சிறப்பு வகுப்பு, ஆய்வுக்கு வருகிறவர் என்று ஆயிரம் இருக்கிறது. நான் சொல்லும் பதில் இதுதான்: எல்லாச் செய்யுளையும் இப்படி நடத்த முடியாது, முடியும் என்று சொன்னால் அது பொய். ஒரு வருடத்துக்கு நான்கு பாட்டு. இயலுக்கு ஒன்றுகூட வேண்டாம், உங்களுக்கே பிடித்த நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்குக்கும் முதல் பீரியடில் புத்தகம் மூடியே இருக்கட்டும். இரண்டாவது பீரியடில் வழக்கம்போல அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு எல்லாம் எழுதிப் போடுங்கள். ஏற்கெனவே தானாக நுழைந்து பார்த்த பாட்டு என்பதால் அது பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்வேன். அதே பத்தாம் வகுப்பு வினாத்தாளில் "காட்சியைக் கண்டு கவினுற எழுதுக" என்று படம் கொடுத்துக் கேட்கிறார்கள். நாம் அதற்கு என்ன செய்கிறோம்? எந்தப் படத்துக்கும் பொருந்துகிற மாதிரி எட்டு வரியை எழுதிக் கொடுத்து உருப்போட வைக்கிறோம். மழையில் நனையும் ஆட்டுக்குட்டி படத்துக்கும், சாலையைக் கடக்க உதவும் சிறுவன் படத்துக்கும் ஒரே எட்டு வரி. ஒரு மதிப்பீட்டு முகாமில் அடுத்தடுத்து பதினாறு தாளில் அதே வரிகளைப் படித்தேன், பதினேழாவதில் ஒரு பிள்ளை "குடை ஒன்று, நனையாதவர் இருவர்" என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் இரண்டு எழுத்துப் பிழை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை எழுதப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கேள்விக்குத் தனியாகப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. பரீட்சைக்கு எதிரானது இது என்று சொல்கிறவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது இந்தக் கேள்வியைத்தான்.

மனப்பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் புதுமை பேசுகிற பயிற்சிகளில் அதைத் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு மனப்பாடத்தோடு சண்டை இல்லை. நம் மொழியில் பாட்டு வாயிலும் காதிலும்தான் வாழ்ந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் யாரும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பாடியவை அல்ல. என் சண்டை வரிசையோடு. பாட்டு பிடித்த பிறகு மனப்பாடம் என்பது சுலபம், பிடிக்கும் முன் "அடிபிறழாமல் எழுதுக" என்பது சுமை. பயிற்சியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாடநூலில் இல்லாத ஒரு பாட்டை ஒவ்வொருவரும் மனதிலிருந்து சொல்ல வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். சிலர் திணறுவார்கள். சினிமாப் பாட்டு சொன்னாலும் விடுங்கள். ஒரு ஆசிரியை அவர் பாட்டி பாடிய ஒப்பாரியில் நான்கு வரி சொன்னார், எதுகை மோனை எல்லாம் அச்சு அசலாக விழுந்தது. பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம். அந்த நான்கு வரியை வைத்து அரை மணி நேரம் ஓடியது. அன்றைக்கு நான் தயாரித்து வைத்திருந்ததைவிட அது நன்றாக இருந்தது.

கவியரங்க மேடை, அந்தாதி விளையாட்டு, ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்வது எல்லாம் செய்யலாம். ஆனால் வெண்பா தெரிந்த நான்கு பேர் ஆடுவதை மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும்படி ஆகிவிடும், அதனால் இரண்டு நாளில் நான் அவற்றைத் தொடுவதில்லை. ஐஸ்பிரேக்கர் என்று காலையில் நிற்க வைத்துக் கைதட்டச் சொல்லும் வழக்கத்தையும் கைவிட்டுவிட்டேன். ஐம்பது வயதுக்காரர்களுக்கு முட்டி வலி.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, வகுப்புக்குப் போன பிறகு செய்வார்களா என்பது. இரண்டு நாளையும் சேர்த்து வைத்து முடித்தால் செய்ய மாட்டார்கள், அது உறுதி. முடிந்தால் ஒரு நாள் இப்போது, இன்னொரு நாள் ஒரு மாதம் கழித்து என்று பிரித்துக் கேளுங்கள். அப்படிப் பிரித்தால் நொடி எண்ணும் வேலையை முதல் நாளுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், செம்மண்ணை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆணையில் தொடர்ச்சியாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டியது பிள்ளைகளின் நோட்டு ஒன்று, அவ்வளவுதான். அறிக்கை வேண்டாம், போட்டோ வேண்டாம், சார்ட் வேண்டாம். நோட்டை வட்டமாகச் சுற்றிவிட்டு வாசிப்பார்கள். முதல் கூட்டத்தில் நாற்பதுக்கு எட்டு நோட்டு வந்தாலே நல்ல கணக்கு. வராதவர்களைக் கேட்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் சிலர் தாங்களாகவே கொண்டுவருவார்கள்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் ஒரு விதி போடுங்கள்: பிள்ளைகள் எழுதிய வரி மட்டும், பெயர் இல்லாமல், பிள்ளையிடம் கேட்டுவிட்டு. காலை வணக்கம் படம் போடுகிறவர் அடுத்த கூட்டத்துக்கு எல்லாருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு தடவை வடை சாப்பிட்டிருக்கிறோம்.

தேவையான பொருள்: பலகை, சாக்பீஸ், ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒரு தட்டு, ஒரு பை செம்மண், தண்ணீர். பயிற்சிக்கு முந்தின ராத்திரி அந்த ஐந்து வரியை, நாலாவது குட்டையாக, நீங்கள் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நீங்க எழுதுனீங்களா சார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.